யானை வேலி போர்ட்டில் இருந்த பெயர்

எங்கள் புளியடி வட்டையில் யாராவது, "நேத்து தனுஷியா கத்தினது கேட்டதா?" என்று கேட்டால், புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் சங்கடப்படுவார்கள். ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்துப் பேச்சை மாற்றுவார்கள்.

உண்மையில் கத்துவது ஒரு பெட்டி. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்வெளியைத்தான் நாங்கள் வட்டை என்கிறோம். உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே இருக்கும் எங்கள் வட்டையைச் சுற்றி யானைக்காக மின்வேலி போட்டிருக்கிறது. அந்த வேலியின் ஒவ்வொரு பகுதியிலும் கடைசிக் கம்பத்தில் ஒரு பெட்டி தொங்குகிறது. வேலிக் கம்பியில் ஓடும் மின்துடிப்பை அது கவனித்துக்கொண்டே இருக்கும். யானை கம்பத்தைத் தள்ளிவிட்டாலோ, மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தாலோ துடிப்பு நின்றுவிடும். உடனே பெட்டி, காவலுக்குப் படுக்கும் குடிலான வாடியில் இருக்கும் ஹோர்னை அடித்து, வட்டைக்காரரின் போன்களுக்கும் செய்தி அனுப்பும். பெட்டிக்குள் இருக்கும் பச்சை சர்க்கிட் போர்ட்டில் வெள்ளை எழுத்தில் 'தனுஷியா' என்று அச்சடித்திருக்கிறது. அதனால் பெட்டிக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பெயருக்குச் சொந்தக்காரி நாவற்குடாவில் இருக்கிறார். அவருடைய கணவர் உதயரூபன் அண்ணன் தபாலகத்தில் வேலை செய்கிறார். வட்டைக்காரர் பேசுவதை முதன்முதலாகக் கேட்டபோது அவர், "வீட்டிலயும் அதே நிலைமைதான்," என்று மட்டும் சொன்னார்.

தனுஷியா அக்கா உயர்தரத்தில் கணிதம் படித்தார். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்துக்கொண்டு கொழும்பில் ஒரு மின்னணுக் கம்பனியில் சேர்ந்தார். வேலை, சர்க்கிட் போர்ட் வரைவது. எந்தச் சாமான் எங்கே உட்கார வேண்டும், எந்தச் செப்புக் கோடு எதைத் தொடாமல் எப்படிச் சுற்றிப் போக வேண்டும் என்று கணினியில் வரைந்து கொடுத்தால், தொழிற்சாலை அதை அப்படியே போர்ட்டாக அடித்துத் தரும். என் அப்பாவுக்கு நான் இதை இப்படித்தான் விளங்கப்படுத்தினேன்: தண்ணீருக்குப் பதில் மின்சாரம், மண் வாய்க்காலுக்குப் பதில் செம்பு. ஒரு வாய்க்கால் இன்னொன்றை வெட்டக்கூடாது. எல்லா வயலுக்கும் போய்ச் சேரவும் வேண்டும். "அப்ப அந்தப் பிள்ளையும் தண்ணி பங்கிடுற ஒரு வட்டை விதானைதான்," என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதை நான் அடக்கமாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அக்காவின் வேலையை என்னைவிட அப்பா சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

கொழும்புக் கம்பனியில் போர்ட் வரையும் மென்பொருளுக்கு ஒரே ஒரு சாவிதான் இருந்தது. பென் டிரைவ் மாதிரி ஒரு துண்டு. அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். மேலாளர் அதைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார். வரைகிறவர்கள் முறை வைத்து வாங்க வேண்டும்.

"சாவி கையில இரிக்கிற நாள் சாப்பிடவும் எழும்பமாட்டன் தம்பி," என்று அக்கா ஒருமுறை சொன்னார். "எழும்பினா வேற ஆள் கழட்டிட்டுப் போயிருவான். மறுகா எப்ப கிடைக்குமோ தெரியா."

அந்த அவசரத்தில்தான் அவருடைய கை வேகமானது. சாவி கிடைத்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால் மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே வரையப் பழகினார். லிப்ட், தண்ணீர் மோட்டார், ஆஸ்பத்திரியில் குழந்தைகளை நிறுக்கும் தராசு என்று எத்தனையோ சாமான்களுக்குள் அவர் வரைந்த போர்ட்கள் இருக்கின்றன. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. கம்பனியின் சின்னம் மட்டும்தான் இருக்கும். தராசைப் பற்றிச் சொல்லும்போது அக்கா சிரித்தார். தன் மகளை அதே வகைத் தராசில் போட்டு நிறுத்தபோது, "இது நான் வரைஞ்சது," என்று தாதி மிஸ்ஸிடம் சொன்னாராம். மிஸ் நம்பவில்லையாம்.

மகள் பிறந்த பின் வேலையை விட்டு நாவற்குடாவுக்குத் திரும்பினார். இப்போது ஒல்லாந்தில் இருக்கும் ஒரு கம்பனிக்கு வீட்டிலிருந்தே வரைந்து கொடுக்கிறார். அவர்களும் அதே விலையுயர்ந்த மென்பொருளைத்தான் பாவிக்கிறார்கள். தங்கள் அனுமதியில் அக்காவை உள்ளே விடுகிறார்கள். அவர்களுடைய வேலைக்கு மட்டும்.

யானை வேலிக்கான முதல் போர்ட்டைக் கேட்டு அவரிடம் போனவர்கள் இரண்டு பேர். நானும், எங்கள் வட்டை விதானை வினாயகமூர்த்தியும். தண்ணீர் பங்கிடுவது முதல் வேலி பார்ப்பது வரை கவனிக்க வட்டைக்காரர் தேர்ந்தெடுத்த ஆள்தான் விதானை. அக்கா கேட்டுவிட்டுத் தன் சொந்தச் செலவில் அந்த மென்பொருளை ஒரு வருட அனுமதியோடு எடுத்தார். போர்ட்டை வரைந்தார். முடிவில் ஒரு மூலையில் ஆங்கில எழுத்தில் தன் பெயரைப் போட்டார். இத்தனை வருட வேலையில் அது முதல் தடவை.

"தமிழிலதான் போடப் பாத்தன்," என்றார். "துணைக்கால் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் பிரிஞ்சி நிக்குது. போகட்டும் எண்டு இங்கிலீஸில போட்டுட்டன்."

வரைபடக் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு, "இது உங்கட சொத்து, கவனமா வச்சிருங்க," என்று விதானையிடம் கொடுத்தார். வினாயகமூர்த்தி மாமா கவனம் என்றால் கவனம்தான். வட்டையின் காணி வரைபடங்களோடு சேர்த்துப் பிள்ளையார் கோயில் பெட்டகத்தில் வைத்தார். பொங்கலுக்குப் பெட்டகத்தைத் திறக்கும்போது பென் டிரைவை வெளியே எடுத்து, பூவைத்து, திருநீறு பூசித் திரும்ப உள்ளே வைத்தார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும்.

பெட்டி நன்றாகத்தான் கத்தியது. ஆனால் செய்தி அனுப்பும் சாமான் பழைய வகை. அது சந்தையில் கிடைப்பது நின்றுபோனது. பழுதான பெட்டிகளுக்கு மாற்று இல்லை. புதுச் சாமானுக்கு ஏற்றபடி போர்ட்டைத் திருத்த வேண்டும். பெட்டகத்திலிருந்து பென் டிரைவை எடுத்துக்கொண்டு நாங்கள் நாவற்குடாவுக்குப் போனோம்.

அக்கா திருநீற்றைத் துடைத்துவிட்டுச் செருகினார். கோப்பு இருந்தது. திறக்கவில்லை. அனுமதி முடிந்திருந்தது. அந்த மென்பொருள் கம்பனி ஒரேயடியாக விற்பதில்லை; வருடா வருடம் வாடகை கட்டினால்தான் திறக்கும்.

"அப்ப இவ்வளவு காலமும் நாங்க என்னத்துக்குத் திருநீறு பூசினம்?" என்றார் மாமா.

"ஒல்லாந்துக்காரன்ட கணக்கில திறக்க ஏலாதா அக்கா?" என்று நான் கேட்டேன்.

"ஏலும். ஆனா அது களவு."

"ஏறாவூர்ல பூட்டு உடைச்ச கொப்பி இரிக்காம். பொடியனுகள் சொன்னானுகள்," என்றார் மாமா.

"களவெடுத்ததில என்ட பேரப் போட ஒண்ணா மாமா."

அப்போதுதான் நான் கிகேட் பற்றிச் சொன்னேன். போர்ட் வரைவதற்கான இலவச மென்பொருள். அதன் உள்ளமைப்பு முழுவதும் திறந்தே கிடக்கிறது. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், அனுமதி முடிகிற பேச்சே இல்லை. பல்கலைக்கழகத்தில் நான் படித்தது முழுக்க அதில்தான். வேறொன்றை எடுக்க என்னிடம் வழி இருக்கவில்லை.

"அது படிக்கிற பொடியனுகளுக்கு," என்றார் அக்கா. "நீங்க படிச்சி முடிச்சிட்டீங்கதானே இஞ்சினியர் தம்பி. இன்னும் அதிலயா இரிக்கிறீங்க?"

வேறு வழி இல்லாததால் அதில்தான் வரைந்தார். சில கம்பனிகளின் கோப்பைக் கிகேட் திறக்கும். இந்தக் கம்பனியின் கோப்பைத் திறக்கவில்லை. தொழிற்சாலைக்கு அனுப்பிய அச்சுப் பிரதிகள் மட்டும் அவரிடம் இருந்தன. அவற்றைப் பார்த்து முதலிலிருந்து எல்லாவற்றையும் போட வேண்டியிருந்தது. அவர் பட்ட பாட்டை உதயரூபன் அண்ணன் சொல்லித்தான் அறிந்தேன். பழைய மென்பொருளில் சாமானைப் புரட்டிப்போடும் விசை, இதில் புதுக் கோடு இழுக்கத் தொடங்கிவிடும். அக்காவின் கை கேட்கவில்லை. போர்ட் முழுக்கத் தேவையில்லாத கோடுகள்.

"கம்ப்யூட்டரோட பறையிறா தம்பி," என்றார் அண்ணன். "என்னோட பறைஞ்சாக்கூட இந்த மரியாதை இல்லாத கதை வராது."

விதைப்புக்கு முன் முடித்துவிட்டார். முடித்த பின்னும் கிகேட்டைப் புகழவில்லை. ஒல்லாந்து வேலைக்கு அந்தப் பழையதுதான் சரி, நெருக்கமான கோடுகளை அது தானாகவே இழுத்துத் தரும், இது தராது என்றார். ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டார். இதில் தமிழ் எழுத்து பிரியாமல் வந்தது. போர்ட்டின் மூலையில் 'தனுஷியா' என்று தமிழிலேயே போட்டிருந்தார்.

அதோடு இன்னொரு பேச்சு வந்தது. எங்கள் பக்கத்து வட்டை நொச்சிமோட்டை. எங்கள் வேலி கத்தி, நாங்கள் வெளிச்சம் அடித்து யானையை விரட்டினால், அது வீட்டுக்குப் போவதில்லை. நொச்சிமோட்டைக்குப் போகும். அவர்களுக்கும் வேலி உண்டு, கத்தும் பெட்டி இல்லை. அந்தப் போர்ட்டைத் தங்களுக்கும் தரும்படி கேட்டார்கள்.

வினாயகமூர்த்தி மாமா அக்காவிடம் சொன்னார்: "நாங்க மட்டும் காவல் வச்சா, யானைய அவனுகள்ட வெள்ளாமைக்குள்ள நாங்களே கலைச்சி விடுற மாதிரி மகள். வாய்க்காலடியில முகத்துக்கு முகம் பாக்க ஏலாமக் கிடக்கு."

அக்கா யோசித்தார். "என்ட பேர் இரிக்கே மாமா. ஆராவது எப்படியாவது செஞ்சி வச்சா?"

"உன்ட வேலைய ஆரு பிழையாச் செய்வான்?" என்றார் மாமா. அது பதில் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அக்கா கோப்பை இணையத்தில் பொது இடத்தில் போட்டார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் அதே இடத்தில் போட வேண்டும் என்று எழுதினார். நொச்சிமோட்டைக்காரர் அதை எடுத்து, ஏறாவூரில் டிவி, போன் திருத்தும் நஸீரின் கடையில் கொடுத்துச் செய்வித்தார்கள்.

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் நொச்சிமோட்டைக்குள் யானை புகுந்தது. பெட்டி கத்தவில்லை. பால் முற்றி நின்ற தங்கராசாவின் வெள்ளாமை மிதிபட்டுப் போனது. வாடியையும் பிரித்துப் போட்டது. உள்ளே படுத்திருந்த அவருடைய மைத்துனர் பின்பக்க ஓலைக் கிடுகைப் பிய்த்துக்கொண்டு ஓடித் தப்பினார். தங்கராசா அந்தப் போர்ட்டைக் கழற்றிக் கடைப்பையில் போட்டுக்கொண்டு, மைத்துனரையும் கூட்டிக்கொண்டு நேரே நாவற்குடாவுக்குப் புறப்பட்டார். மாமா எனக்குப் போன் எடுத்து, "நீ முன்னால போய் நில்லு மனே, கதை பெருக்காமப் பாத்துக்க," என்றார். நான் போனபோது அவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கராசா போர்ட்டை மேசையில் வைத்தார்.

"இதில இரிக்கிறது ஆர்ட பேரு?"

"என்டதான்," என்றார் அக்கா.

"அப்ப சொல்லுங்க பிள்ள. யானை வந்து வாடியப் பிரிச்சிப் போட்டுட்டுப் போகுது. இது மூச்சும் விடல்ல. பேரப் போட்டவங்கதானே பதில் சொல்லணும்."

உதயரூபன் அண்ணன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் கை நீட்டவில்லை.

"இது நான் செஞ்ச போர்ட் இல்ல ஐயா."

"உங்கட பேரு எண்டு இப்பதானே சொன்னீங்க."

"வரைஞ்சது நான். செஞ்சது வேற ஆள்."

"பெத்தது நான், வளத்தது வேற ஆள் எண்ட மாதிரி," என்றார் மைத்துனர். அவருடைய கை முழுக்கக் கிடுகு கீறிய காயம்.

அக்கா போர்ட்டைக் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்தார். வேலிக் கம்பி வந்து சேரும் மூலையில் விரலை வைத்தார்.

"இதில ஒரு நீல வில்லை இருக்கணும். எங்க?"

"எந்த வில்லை?"

புளிப்பு மிட்டாய் அளவில் நீல நிறத்தில் இருக்கும் அந்தச் சாமானின் வேலை ஒன்றுதான். கம்பி வழியாக இடி வந்தால் தான் வாங்கி மண்ணுக்குள் அனுப்பிவிடும். பெரிய இடி என்றால் தானே கருகிப்போகும். மற்றதெல்லாம் தப்பிக்கும். அக்கா மடிக்கணினியைத் திறந்தார். நஸீர் மாற்றிய கோப்பு அதே பொது இடத்தில்தான் கிடந்தது. அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. அக்கா தன்னுடையதை அதன் மேல் வைத்துப் பார்த்தார். கம்பி வந்து சேரும் மூலையில் மற்றதெல்லாம் கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனது. நீல வில்லை இருந்த இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. கம்பியிலிருந்து வரும் கோட்டை நேரே உள்ளே இழுத்து விட்டிருந்தார்.

"இது ஐப்பசி இடியிலயே செத்துப்போச்சு ஐயா," என்றார். "அதிலருந்து செத்ததத்தான் கம்பத்தில தொங்கவிட்டு நித்திரை கொண்டிருக்கிறீங்க."

தங்கராசா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கோடுகள் விளங்கியிருக்காது. ஆனால் ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"சரி பிள்ள. உங்களில பிழை இல்ல எண்டு வைப்பம். ஆனா நாங்க உங்கட பேரைப் பாத்துத்தானே நம்பினம். மாத்தினது வேற ஆள் எண்டு இதில எங்கயும் எழுதி இல்லையே."

அக்கா மடிக்கணினியை மூடினார். அவர்கள் போன பிறகு தேத்தண்ணிக் கோப்பைகள் அப்படியே இருந்தன.

"பேரில்லாம வேலை செஞ்ச காலம் நிம்மதி தம்பி," என்றார் அக்கா. "எந்த லிப்ட்காரனும் வீடு தேடி வரல்ல. இனி நொச்சிமோட்டை முழுக்க என்ன சொல்லப்போகுது? தனுஷியாவ நம்பி வெள்ளாமை போச்சு எண்டுதானே." பிறகு சொன்னார்: "அந்தப் பழைய மென்பொருளுக்கு வாடகையக் கட்டி, இத உள்ளுக்க எடுத்துப் பூட்டப்போறன். இனி ஆரும் தொட ஒண்ணா. தேவை எண்டா என்னட்ட வரட்டும்."

திறந்த மென்பொருளைப் பற்றி நான் படித்ததெல்லாம் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவருடைய பெயருக்கு வந்த கேட்டை நான் படித்த எந்தக் கட்டுரையும் துடைக்கப்போவதில்லை.

உதயரூபன் அண்ணன்தான் கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பூட்டுறது பிறகு. அந்த மனுசன் ஏன் அத எடுத்தவர் எண்டு ஒருக்காக் கேட்டுப் பாரன்."

மறுநாள் அக்காவும் நானும் பஸ்ஸில் ஏறாவூருக்குப் போனோம். நஸீரின் கடை ஆள் உட்கார இடமில்லாமல் டிவிகளால் நிரம்பியிருந்தது. அவருக்கு நாற்பது வயதிருக்கும். அக்கா பெயரைச் சொன்னதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழும்பினார்.

"போர்ட் தங்கச்சியா? உங்கட பேர எத்தின தரம் பாத்திரிப்பன். ஆள இப்பதான் பாக்கிற. இரிங்க, டீ சொல்றன்."

"டீ வேணாம் நானா. அந்த நீல வில்லைய ஏன் எடுத்தீங்க?" என்றார் அக்கா. எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

நஸீர் சிரித்தார். மேசைக்குக் கீழே குனிந்து ஒரு பால்மா டின்னை எடுத்து அக்காவின் முன்னால் கவிழ்த்தார். நீல வில்லைகள். பாதி கருகியவை, வெடித்தவை, கால்கள் வெட்டப்பட்டவை. மேசை முழுக்க உருண்டன.

"இதெல்லாம் நான் வெட்டி எடுத்தது. டிவி ஒண்டு செத்து வந்தா முதல்ல பாக்கிறது இதத்தான். கருகி இரிக்கும். வெட்டி எறிஞ்சிட்டுப் போட்டா டிவி ஓடும். வருசக்கணக்கில ஓடும். அப்ப இது என்னத்துக்கு? பழுதாகிறதுக்கெண்டே கம்பனிக்காரன் வைக்கிற சாமான் எண்டுதான் நான் நினைச்சிருக்கன். உங்கட போர்ட்டிலயும் இரிந்திச்சி. யானைக்காட்டில எதுக்குப் பழுதாகிற சாமான் எண்டு எடுத்துட்டன். நல்லதுக்குத்தான் தங்கச்சி செஞ்ச."

அக்கா ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் நடுவில் கறுப்பு ஓட்டை.

"இது கருகினபடியாலதான் நானா அந்த டிவி மிஞ்சினது."

நஸீர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். கருகிய வில்லைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அப்ப நான் காவல்காரன வெட்டிப்போட்டுத்தான் ஆக்கள்ட வீட்டத் திறந்து குடுத்திரிக்கன்."

"வீட்டுக்குள்ள இரிக்கிற டிவிக்கு இடி எப்பவாவதுதான் வரும். அதான் தெரியல்ல. நடு வெட்டவெளியில இழுத்த கம்பிக்கு அப்படி இல்ல. யானை வந்தும் கத்தாத போர்ட்டோட தங்கராசா நேத்து என்னட்ட வந்தார்."

"தங்கராசா என்னத் தேடி வரல்லயே."

"உங்கட பேர் இருந்தாத்தானே வருவார்? இருந்தது என்டது."

"உங்கட பேர அழிச்சிரிக்கலாம். அழிக்கல்ல," என்றார் நஸீர். "வரைஞ்சது நீங்க. அழிச்சாக் களவு எண்டு நினைச்சன்."

இதை அக்கா எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசனங்கள் அந்த இடத்தில் நின்றுவிட்டன. பூட்டு உடைத்த மென்பொருளில் தன் பெயரைப் போடமாட்டேன் என்றவர் அவர். இந்த மனிதரும் அதே நியாயத்தில்தான் பெயரை விட்டு வைத்திருக்கிறார்.

"என்னவோ நானா, நான் இத இனி உள்ளுக்க எடுத்துப் பூட்டப்போறன்," என்றார். குரலில் வீட்டில் இருந்த வேகம் இல்லை.

"பூட்டினா நான் செய்யமாட்டன் எண்டா நினைக்கிறீங்க? போர்ட்ட ஸ்கேனரில வச்சிக் கோட்ட எடுத்துருவன். எத்தின செஞ்சிரிக்கம். ஆனா அப்ப நான் எத எடுத்த, எத மாத்தின எண்டு உங்களுக்குத் தெரியா. நேத்து எவ்வளவு நேரத்தில கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு தேத்தண்ணி ஆற முதல்," என்றேன் நான்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நஸீரின் கணினிக்கு முன் இருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். அதிலும் கிகேட்தான் இருந்தது.

"சரி, டீயச் சொல்லுங்க," என்றார்.

அவர் கோட்டை அறுத்து நீல வில்லையைத் திரும்பப் போட்டார். அதன் பக்கத்தில், போர்ட்டில் வெள்ளை எழுத்தில் அச்சாகும்படி, 'வெட்ட வேண்டாம்' என்று எழுதினார். பிறகு மூலைக்குப் போனார். தன் பெயருக்கு முன்னால் 'வரைந்தது' என்று சேர்த்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'மாற்றியது: நஸீர், ஏறாவூர்'.

"ஏறாவூரும் போடணுமா?" என்றார் நஸீர். "பிழைச்சா ஊருக்கே கெட்ட பேர் வந்துரும் தங்கச்சி."

"அப்ப பிழைக்காமச் செய்வீங்க."

"நான் மாத்தினதத்தான் நீங்க திருப்பிப் போட்டுட்டீங்களே. இதில என்ட மாற்றம் என்ன இரிக்கு?"

அக்கா போர்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிம் கார்ட் போடும் வாயை நஸீர் ஓரத்துக்கு நகர்த்தியிருந்தார். பெட்டியைக் கழற்றாமல் சிம்மை மாற்றலாம். முதல் நாள் கோபத்தில் அதை நாங்கள் கவனிக்கவில்லை.

"இது இரிக்கு," என்றார் அக்கா. "இது நல்லம். எனக்குத் தோணல்ல."

அக்கா வீட்டுக்குப் போனதும், பொது இடத்தில் தான் எழுதி வைத்திருந்ததோடு ஒரு வசனத்தைச் சேர்த்தார். மாற்றுகிறவர் தன் பெயரையும் ஊரையும் போர்ட்டில் போட வேண்டும், மேலே இருக்கும் பெயரை அழிக்கக்கூடாது. வாடகை கட்டும் பேச்சு அதன்பின் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நொச்சிமோட்டைக்குப் புதுப் போர்ட்களை நஸீர் தன் செலவில் செய்து கொடுத்தார். பெட்டியில் பொருத்தும்போது தங்கராசா ஒவ்வொன்றையும் வாங்கி, நீல வில்லையை விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் கம்பத்தில் ஏற்ற விட்டாராம். மாசியில் ஒரு மழை நாள் பெரிய இடி விழுந்தது. ஒரு பெட்டியில் வில்லை கருகியது. பெட்டி உயிரோடு இருந்தது. அடுத்த கிழமை யானைகள் வந்தபோது அது கத்தியது. எல்லோரும் வெளிச்சத்தோடும் யானை வெடியோடும் ஓடிப்போய், வயலுக்குள் கால் வைக்க முன் அவற்றைத் திருப்பிவிட்டார்கள்.

விடிந்ததும் தங்கராசா போன் எடுத்தது நஸீருக்கு. நஸீர் எனக்குச் சொன்னார். நான் அக்காவுக்குச் சொன்னேன்.

"நல்லம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே," என்றார்.

"நான் சொல்றன்தானே அக்கா."

"நீங்க சொல்றது வேற. பிழைச்ச நேரம் வீடு தேடி வந்த மனுசன், சரி வந்த நேரம் ஏறாவூருக்குப் போன் எடுக்கிறார். பாத்தீங்களா?"

அவருக்கு அது நொந்தது. மறைக்கவும் இல்லை. அவர் ஒல்லாந்து வேலையைத் திறந்து வைத்தார்; அந்தப் பழைய மென்பொருளில் அவருடைய விரல்கள் ஓடும் வேகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் அங்கேதான் அவை சுகமாக இருந்தன.

அறுவடை முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நஸீர் மோட்டார் சைக்கிளில் நாவற்குடாவுக்கு வந்தார். பின்னால் ஒரு அரிசிச் சாக்கு. தங்கராசா கொடுத்து அனுப்பிய புது அரிசி. "ரெண்டு பேருக்கும்" என்று சொன்னாராம்.

"பாதி பாதி," என்றார் நஸீர், சாக்கை முற்றத்தில் இறக்கிக்கொண்டே.

"பேர் மேல இரிக்கிற ஆளுக்குக் கொஞ்சம் கூட வரணும் நானா," என்றார் அக்கா.

"தூக்கிட்டு வந்தவனுக்கும் கூலி இரிக்கிதானே."

உதயரூபன் அண்ணன் சுளகு எடுக்க உள்ளே போனார். நஸீர் தோள்பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். கொஞ்சம் தயங்கினார்.

"தங்கச்சி, ஒரு விசயம். பெட்டரி இரிக்கிற இடத்த மாத்தினா நல்லம் எண்டு பாக்கிறன். வெயில் நேரா அடிக்கி. நீங்க போட்டது பிழை எண்டு சொல்லல்ல."

"நான் அத யோசிச்சித்தான் அங்க வச்சன்," என்றார் அக்கா உடனே.

"சரி அப்ப, விடுங்க."

நஸீர் மடிக்கணினியை மூடப்போனார். அக்கா கையை நீட்டித் திரையைப் பிடித்துக்கொண்டார்.

"இரிங்க. எங்க வைக்கப் பாத்தீங்க? காட்டுங்க பாப்பம்."